24 மணி நேரமும் ஒரு சி படிவமும்

வெளிநாட்டு விருந்தினர்களின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவத்தைப் பதிவேற்றி முடித்தபோது மாலை மணி 5.40. விருந்தினர்கள் வந்து இறங்கியது முந்தைய இரவு 8.15க்கு. 24 மணி நேரக் கெடு முடிய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது என்று இப்போது நிம்மதியாக எழுதுகிறேன். அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறோம். 2024 ஜனவரியில் முதன்முறையாக வெளிநாட்டவர் வந்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த தம்பதி. விசா, அறை, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் ஊரில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். இந்தியா இ-விசா முறையை 2014இல் தொடங்கியிராவிட்டால், இணையத்தில் முன்பதிவு என்ற ஒன்று இல்லாவிட்டால், நாகலூர் அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே போவதில்லை. அதற்காக நான் நன்றியுள்ளவன். ஆனால் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஓட்டலுக்கு மட்டுமல்ல, காசு வாங்காமல் நண்பரை வீட்டில் தங்கவைத்தாலும் இதே விதிதான். நட்சத்திர ஓட்டலில் இதற்கென்று ஆள் இருப்பார். எங்கள் வீட்டில் நானே எல்லாம்.

முதலில் அந்த அரசுத் தளத்தில் வீட்டைப் பதிவு செய்து கணக்கு வாங்க வேண்டும். அதற்கே இரண்டு முறை மலையிறங்கினேன். வீட்டுப் பத்திரம் தாத்தா பெயரில், வரி ரசீது அப்பா பெயரில், விண்ணப்பம் என் பெயரில். அலுவலகத்தில் இருந்தவர் காகிதங்களைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். “மின் கட்டண ரசீது இருக்கிறது, சார்” என்றேன். “அது போதாது” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். என்ன கொண்டுவந்தால் போதும் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைச் சொல்லாததால் எனக்கு ஒரு நாள் வீணானது, இருபது கொண்டை ஊசி வளைவுகளை இன்னொரு முறை ஏறி இறங்கியதுதான் மிச்சம். அடுத்த முறை அப்பாவிடம் சம்மதக் கடிதம் வாங்கிப் போனேன், வேறொருவர் இருந்தார், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வீடு பெரியவர்கள் பெயரில் இருந்தால் அந்தக் கடிதத்தை முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தினர் வந்த இரவு மின்சாரம் இல்லை. இணையமும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருவருடைய பாஸ்போர்ட்டிலும் புகைப்படம் உள்ள பக்கத்தை மட்டும் படம் எடுத்தேன். அங்கேதான் தவறினேன்.

காலையிலும் தோட்டத்தில் சிக்னல் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதிக்கு வந்து ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, எங்கிருந்து வந்தார்கள், அடுத்து எங்கே போகிறார்கள் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே போனால், விசா எண்ணையும் இந்தியாவுக்குள் வந்த தேதியையும் கேட்கிறது. இ-விசாவில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டப்பட்டிருக்காது. எண் அவர்களுக்கு மின்னஞ்சலில் வந்த தாளில் இருக்கும். வந்த தேதி விமான நிலையத்து முத்திரையில் இருக்கும். என்னிடம் இரண்டும் இல்லை. அழைத்துக் கேட்கலாம் என்றால் அவர்கள் கைப்பேசி தொடர்பு எல்லைக்கு வெளியே. யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தளம் தானாக வெளியேறி, நிரப்பியது அத்தனையும் போனது.

வீட்டுக்குத் திரும்பினால் அறை பூட்டியிருக்கிறது. சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னார். பாஸ்போர்ட்டும் அவர்கள் பையில். மறுபடி ஸ்கூட்டர். கோயில் வாசலில் காத்திருந்து, குகைக்குள்ளிருந்து அவர்கள் குனிந்து வெளியே வந்தபோது மணி மூன்று.

முத்திரைப் பக்கத்தைத் திருப்பினேன். கொச்சி என்று தெளிவாக விழுந்திருக்கிறது. தேதியில் மட்டும் மை கசிந்து, இரண்டாவது எண் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. வெயிலில் பிடித்தேன், சாய்த்துப் பார்த்தேன், பயனில்லை. “அன்று திங்களோ செவ்வாயோ” என்றார் கணவர். மனைவிதான் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த விமானப் பயணச் சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பதினொன்று. விசா தாளும் அதே கைப்பேசியில் இருந்தது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

திரும்பும் வழியில் அவர்கள் ஒரு அக்காவிடம் மிளகு வாங்க நின்றார்கள். அவரிடம் சில்லறை இல்லை, க்யூஆர் அட்டைதான் தொங்கியது. இந்திய வங்கிக் கணக்கு இல்லாத அவர்களால் அதில் பணம் அனுப்ப முடியவில்லை. வெளிநாட்டுப் பயணிகளும் யுபிஐயில் செலுத்த ரிசர்வ் வங்கி 2023இல் வழி செய்தது; இவர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. என் கைப்பேசியிலிருந்து அனுப்பிவிட்டு அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டவரை வரவேற்கிறவர்கள் பத்து, இருபது ரூபாய்த் தாள்களைக் கட்டாகவே வைத்திருங்கள்.

இப்போதெல்லாம் விருந்தினர் பையை இறக்கி வைக்கும்போதே மூன்று படங்கள் எடுத்துவிடுகிறேன்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், முத்திரைப் பக்கம், விசா தாள். எல்லாவற்றையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் தளத்தைத் திறக்கிறேன். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது; 24 மணி நேரக் கெடு அப்படியே இருக்கிறது.

அன்று ஒண்டிக்கடையிலேயே ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு உள்ளே போய், தாத்தாவின் பத்திரம் இருக்கும் அதே கோப்பில் அதையும் வைத்தார்.