லாக் புத்தகத்தில் இல்லாத இரவு

விமானப்படையில் ரேடார் திரையைப் பார்ப்பதுதான் என் வேலை. கிழக்குக் கரையில் ஒரு நிலையம், கோடைக்கால இரவு ஷிப்ட். நள்ளிரவு தாண்டியபின் கடல் பக்கம் புள்ளிகள் முளைத்தன. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவதாக எந்த விமானமும் தகவல் தரவில்லை. ஆன்டெனா ஒரு சுற்று வரும்போது புள்ளி இருக்கும். அடுத்த சுற்றில் அங்கே இருக்காது, சற்றுத் தள்ளி இன்னொன்று நிற்கும். உள்ளங்கை வியர்த்துவிட்டது. லாக் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

பக்கத்தில் இருந்த சீனியர் நம்மூர்க்காரர். "தம்பி, எழுதாதே. எழுதினா விடியறதுக்குள்ள நூறு கேள்வி வரும். பதில் நீதான் சொல்லணும்" என்றார். புத்தகத்தை மூடினேன். கொஞ்ச நேரத்தில் திரை சுத்தமாகிவிட்டது.

அது என்னவாக இருந்திருக்கும் என்று அப்புறம் படித்துத்தான் ஊகித்தேன். மேலே போகப் போகக் காற்று குளிர்வதுதான் வழக்கம். சில இரவுகளில் கீழே குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் படிந்துவிடும். அப்போது ரேடார் அலை கீழ்நோக்கி வளைந்து, எங்கோ இருக்கும் கப்பலையோ கரையையோ தொட்டுத் திரும்பும். திரையில் அது வானத்தில் பறப்பதுபோலவே தெரியும்.

இதேபோல 1952 ஜூலை 19 இரவு வாஷிங்டன் விமான நிலையத் திரையில் ஏழு புள்ளிகள் தெரிந்தன. அடுத்த வாரமும் வந்தன. போர் விமானங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 29-ஆம் தேதி அமெரிக்க விமானப்படையின் உளவுப் பிரிவுத் தலைவர் ஜெனரல் சாம்ஃபோர்ட் செய்தியாளர்களைக் கூட்டி, இந்தக் காற்றடுக்கைத்தான் காரணமாகச் சொன்னார். திரையைப் பார்த்தவர்களோ, வானிலையால் வரும் பொய்ப் புள்ளி எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. காரணம் சரியாகவே இருந்தாலும், பார்த்தவனை உட்கார வைத்து முழுதாகக் கேட்டபிறகு சொல்லியிருக்க வேண்டும்.

அதை விசாரிக்க வேண்டியவர் கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட். வானில் தெரியும் மர்மப் பொருள்கள் பற்றிய புகார்களை ஆராய்ந்த 'ப்ராஜெக்ட் ப்ளூ புக்' என்ற விமானப்படை விசாரணைக்கு அப்போது அவர்தான் தலைவர். வாஷிங்டனுக்கு வந்திருந்தவருக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. சாட்சிகளைப் போய்ப் பார்க்க அலுவலகக் கார் கேட்டார், கிடைக்கவில்லை. ஊர் திரும்பிவிட்டார். பார்த்தவர்களின் ஞாபகம் சூடாக இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு காருக்காக நின்றுபோயின. ஷிப்ட் வேலை பார்த்த எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு வலித்தது. 1969-இல் ப்ளூ புக்கை மூடியபோது கணக்கு 12,618 புகார்கள். அதில் 701-க்கு விளக்கம் இல்லை. அந்த 701-இல் எத்தனை, குறிப்பு போதாமல் நின்றவை என்றுதான் என் மனம் போகும்.

நம் ராணுவத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. லடாக் எல்லையில் 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை 329 முறை வானில் மர்ம ஒளி பார்த்ததாக வீரர்கள் பதிவு செய்தார்கள். சீன ட்ரோனோ என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரைக் கேட்டார்கள். ஒளி எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, வானில் எப்படி நகர்கிறது என்று பார்த்ததில், அவை வியாழன், வெள்ளி கிரகங்கள் என்று தெரிந்தது. சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குளிரில் நின்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தார்களே, அதனால்தான் விடை கிடைத்தது.

வானிலை நிலையங்களில் தினமும் காலை ஐந்தரை மணிக்கான அளவீட்டுக்குப் பலூன் விடுவார்கள். எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம் என்று அதில் பதிவாகும். என் இரவுக்கு அடுத்த காலையின் பதிவும் எங்காவது இருக்கலாம். ஆனால் அது மே மாதமா ஜூனா, ஐந்து புள்ளிகளா ஆறா என்று இன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.