கார்மெனேரின் பச்சை வாசம்: சிலி ஒயின் சுவைக் குறிப்புகள்

சிலி நாட்டு ஒயின்களைச் சுவைத்துக் குறிப்பெழுதும் என் பழக்கத்தை இப்போது கார்மெனேர் திராட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கோல்ச்சாகுவா பள்ளத்தாக்கில் விளையும் மெர்லோ என்ற இன்னொரு திராட்சை வகையின் ஒயின் ஒரு கோப்பை, அதே பள்ளத்தாக்கின் கார்மெனேர் இன்னொரு கோப்பை. எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் ஒருவர் ஊற்றித் தருகிறார். கோப்பையைச் சுழற்றும் முன் ஒரு முறை முகர்ந்து எழுதுகிறேன், சுழற்றிய பின் மறுமுறை. வாயில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டுத் துப்பிவிடுவேன். விழுங்கத் தொடங்கினால் மூக்கு விரைவில் மழுங்கிவிடும்.

மெர்லோவில் முதலில் வருவது பிளம் பழம். கார்மெனேரிலோ பழ வாசத்துக்கு முன்பே நறுக்கிய குடைமிளகாய் வந்து நிற்கிறது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பச்சையிலும் வகைகள் இருக்கின்றன. இளங்காம்பை ஒடித்தாற்போல் கசந்து மூக்கில் குத்துவது ஒன்று. பழம் முற்றும் முன் பறித்துவிட்டார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. சுட்ட குடைமிளகாயும் மிளகும் கறுத்த பழமும் சேர்ந்து வருவது வேறு. நன்றாகப் பழுத்த கார்மெனேரிலும் இது மெலிதாக இருக்கும். இது போய்விட்டால் அந்த ஒயினுக்குத் தனி முகமே இல்லை.

பைரசின் என்ற வேதிப்பொருள்தான் இந்த வாசத்துக்குக் காரணம். திராட்சை பழுக்கப் பழுக்க, குலையில் வெயில் படப்பட, அது குறைகிறது. கார்மெனேர் பழுக்க மெர்லோவைவிடச் சில வாரங்கள் அதிகம் வேண்டும். சிலியில் நெடுங்காலம் அந்த வாரங்கள் அதற்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் போர்தோவிலிருந்து வந்த இந்தக் கொடிகள் மெர்லோ தோட்டங்களில் கலந்து வளர்ந்தன, மெர்லோ என்றே பெயர் பெற்றன, மெர்லோவோடு சேர்த்தே பறிக்கப்பட்டன. போர்தோவில் ஃபிலோக்செரா பூச்சி தோட்டங்களை அழித்தபின் கார்மெனேரை அங்கே மீண்டும் நட யாரும் பெரிதாக முன்வரவில்லை. சிலிக்கு அந்தப் பூச்சி வரவே இல்லை.

1994 நவம்பரில் மைப்போ பள்ளத்தாக்கின் வீன்யா கார்மென் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுத் திராட்சையியல் அறிஞர் ஜான்-மிஷெல் பூர்சிக்கோ, பூக்களில் மகரந்தத்தாள்கள் முறுக்கியிருப்பதைக் கண்டு இது மெர்லோ அல்ல, கார்மெனேர் என்றார். அதன் பிறகு தனியே நட்டு, காத்திருந்து பறிக்கத் தொடங்கினார்கள். அந்தக் காத்திருப்பு கோப்பையில் தெளிவாகத் தெரிகிறது. கச்சபோவால் பள்ளத்தாக்கின் பெயுமோ பகுதியிலிருந்து வந்த பாட்டிலில் பச்சை வாசம் பின்னால் ஒதுங்கி, கோகோவும் நாவல் பழமும் முன்னே நின்றன. துவர்ப்பு நாக்கை இறுக்கவில்லை, புளிப்பும் குறைவு. இதுவரை எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த குறிப்பு இது.

மைப்போவின் காபர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயினையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் புதினாவும் யூகலிப்டஸும் வருகின்றன, துவர்ப்பு ஈறு வரை பிடிக்கிறது. குறிப்பில் வெறுமனே ‘பச்சை’ என்று எழுதுவதை இதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன். காம்பா, குடைமிளகாயா, புதினாவா என்று எழுதினால்தான் பிறகு படிக்கும்போது அந்த ஒயின் நினைவில் எழுகிறது.

இப்போது வெள்ளை ஒயினுக்கு வந்திருக்கிறேன். காசபிளாங்கா, லேய்தா பள்ளத்தாக்குகள் இரண்டும் பசிபிக் கடலை ஒட்டியவை. ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர்விப்பதால் காற்றும் காலைப் பனிமூட்டமும் குளிர்ச்சியாக உள்ளே வருகின்றன. அங்கே விளையும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையிலும் அதே பைரசின்தான் பேசுகிறது, ஆனால் கூர்மையான புளிப்போடு சேரும்போது அது வெட்டிய புல்லாகவும் எலுமிச்சைத் தோலாகவும் மாறிவிடுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே முகர்ந்தால் எதுவும் பிடிபடுவதில்லை; பத்து டிகிரியை நெருங்கும்போது வாசம் திறக்கிறது. லேய்தா பாட்டிலில் உப்புச் சாயல் ஒன்றும் நாக்கில் நிற்கிறது. காசபிளாங்காவிலும் அது வருகிறதா என்று அடுத்த சுற்றில் இரண்டையும் ஒரே குளிர்ச்சியில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.