மெக்கானிக்கல் எடுத்தது தவறோ என்று வருந்துபவர்களுக்கு

2016ஆம் ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்காக அப்பாவுடன் கோவையிலிருந்து சென்னை சென்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் குறைந்துகொண்டே வந்த இடங்களைப் பார்த்தபடி மெக்கானிக்கல் பிரிவைத் தேர்ந்தெடுத்தேன். பம்புசெட்டுகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த ஊரில் வளர்ந்ததால் அது இயல்பான முடிவாகவே தோன்றியது. பிடித்த படிப்பா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை; நானும் யோசிக்கவில்லை.

வருத்தம் வந்தது இறுதியாண்டில். கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை மென்பொருள் நிறுவனங்கள். எல்லாப் பிரிவினரும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் கோடிங் சுற்றிலேயே நான் வெளியேறினேன். விடுதியில் என் அறையிலிருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பனின் கையில் இரண்டு பணி ஆணைகள் இருந்தன. நான்கு ஆண்டுகளும் அப்பாவின் பணமும் வீணாகிவிட்டதாக அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு கோர் நிறுவனத்தின், அதாவது மெக்கானிக்கல் துறையிலேயே வேலை தரும் நிறுவனத்தின், நேர்காணல். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓர் உத்திரத்தை வரைந்து, அதன் நடுவில் ஒரு சுமையைக் குறித்து, பெண்டிங் மொமென்ட் வரைபடம், அதாவது உத்திரத்தை வளைக்கும் விளைவு இடத்துக்கு இடம் எவ்வளவு என்று காட்டும் படம், போடச் சொன்னார்கள். விடை ஒரு முக்கோணம். சுமையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் அதன் உச்ச மதிப்பு கிடைத்துவிடும். அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த நான் பேனாவைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். மெக்கானிக்கலுக்கு வேலை இல்லை என்று புலம்பிய நான் மெக்கானிக்கலையே படித்திருக்கவில்லை என்பதும், தேர்வுக்கு முந்தைய இரவில் வினாவங்கியை மனப்பாடம் செய்ததைத்தான் படிப்பு என்று நம்பியிருந்தேன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வேலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் என் வருத்தத்தில் பாதி அதனால் வந்ததன்று.

ஆகவே துறையை விட்டு ஓடுவதற்கு முன், ஒரே ஒரு அடிப்படைப் பாடத்தையாவது மூன்று மாதம் கணக்குப் போட்டுப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை நான் அதற்கான காரணமாக வைத்துக்கொண்டேன். மொத்தம் 100 மதிப்பெண். அதில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, மீதம் 72 நம் பாடத்துக்கு. பலர் அலட்சியப்படுத்தும் அந்த முதல் 28 மதிப்பெண்களைத்தான் நான் முதலில் உறுதிசெய்துகொண்டேன். முதல் முயற்சியில் கோட்டை விட்டதற்கு ஒரு சிறிய காரணமும் உண்டு: வீட்டில் கையில் பிடிக்கும் கால்குலேட்டரிலேயே பயிற்சி செய்திருந்தேன், தேர்வறையிலோ திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்த வேண்டியிருந்தது. பதறிப்போய், தெரியாத கேள்விகளுக்கும் ஊகத்தில் விடையளித்தேன். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கேள்வியில் மூன்றில் ஒரு பங்கு கழியும். எண்ணாகத் தட்டச்சு செய்யும் விடைகளுக்கு அந்த இழப்பு இல்லை. இரண்டாம் முறை, 2021இல், அத்தகைய கேள்விகளை ஒன்றுவிடாமல் முயன்றேன். ஓர் என்.ஐ.டி.யில் எம்.டெக். இடமும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைத்தன. இப்போது வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் அந்த நண்பனைவிடக் குறைவுதான், ஆனால் காலையில் அலுவலகம் போக மனம் கசப்பதில்லை.

மூன்று மாதம் உண்மையாகப் படித்த பிறகும் பாடம் ஒட்டவில்லை என்றால், தயங்காமல் மாறிவிடுங்கள். அதில் அவமானம் ஏதுமில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படித்தான் வங்கித் தேர்வுக்குப் போனாள். அதற்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும் தேறாமல் விட்ட தாள்களை, அதாவது அரியரை, மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். பிடிக்காத பிரிவுதானே என்று இரண்டு தாள்களை விட்டு வைத்த என் இன்னொரு நண்பனுக்கு, மென்பொருள் நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தேறியும், பட்டம் கையில் இல்லாததால் அந்த வேலையில் சேர முடியாமல் போயிற்று.