கொழும்பிலிருந்து மீனாட்சி சந்நிதிவரை

மதுரைக்குப் போய்வந்ததிலிருந்து வெள்ளவத்தையில் என்னைக் காண்பவர்கள் முதலில் கேட்பது, விசா எடுப்பது கஷ்டமா என்றுதான். கஷ்டமில்லை, அலுப்பு. இ-விசாவுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மதுரை விமான நிலையத்திலும் அது செல்லும். ஆனால் கேள்விகள் ஓயமாட்டா. பெற்றோர் பிறந்த ஊர் எது, கடந்த 10 ஆண்டுகளில் எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள், பாட்டன் பாட்டி பாகிஸ்தானியரா? சாவகச்சேரியைத் தாண்டாத தன் பாட்டனுக்கு இப்படியொரு சந்தேகமா என்று பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இந்தியாவில் ஒருவரின் முகவரியும் கேட்பார்கள். உறவினர் இல்லாததால் தங்கும் விடுதியின் விபரங்களை எழுதினோம்.

பறப்பு ஒரு மணித்தியாலமளவுதான். யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் முதுகு நோகப் போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு பயணமா?

கோயிலில் நேரம் பார்க்கவேண்டும். நண்பகல் 12.30 அளவில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 2018 தீவிபத்துக்குப் பிறகு கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கவேண்டும். ஆகவே விடுதி முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டு, கூட்டத்தில் பிரிந்தால் முக்குறுணிப் பிள்ளையார் முன் சந்திப்பதென்று பேசிக்கொண்டோம். பெரியப்பா கொழும்புப் பழக்கத்தில் வாசலிலேயே சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். அங்கே அது கட்டாயமில்லை என்று காவலர் சொன்னபிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வந்தார்.

பொது வரிசை இலவசம். 50 ரூபாய்ச் சீட்டு அம்மன் சந்நிதிக்கு மட்டும், 100 ரூபாய்க்கு இரண்டு சந்நிதிகளும். பெரியம்மாவின் முழங்காலை எண்ணி 100 ரூபாய்ச் சீட்டே எடுத்தோம். காசு கொடுத்துக் கடவுளிடம் முந்துவது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் முழங்கால் அவருடையது.

முதலில் அம்மன், பிறகுதான் சுந்தரேசுவரர்; மதுரையில் ஆட்சி அவளுடையதல்லவா? கையில் கிளியோடு நிற்கும் அவளை விளக்கொளியில் கண்டு முகம் பிடிபடுவதற்குள் நகரச் சொல்லிவிடுகிறார்கள். மூக்குத்தி தெரிந்தது என்கிறார் பெரியம்மா. எனக்கு மாலைதான் தெரிந்தது.

இயன்றால் இரவு பள்ளியறைப் பூசைவரை நில்லுங்கள். சொக்கநாதரின், அதாவது சுந்தரேசுவரரின், திருப்பாதங்களைப் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வார்கள். அதைக் காண உள்ளூர்க்காரர்களே முண்டியடிக்கிறார்கள். தொலைபேசி கொடுத்த வாசல் எது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். வேறு கோபுரத்தால் வெளியேறினால், வெறுங்காலோடு மதிலைச் சுற்றி நடக்கவேண்டிவரும்.