லெனன் தோட்டத்தில் அம்மா

என் வீட்டுக்காரர் ரங்ஸின் விருந்தோம்பலுக்கு ஒரே சட்டம்தான். ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும், ஜெட்லாக் தெளிஞ்சுதோ இல்லையோ, முதல் ஞாயித்துக்கிழமை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் நினைவா இருக்கிற ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் தோட்டத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவார். சுதந்திர தேவியெல்லாம் அப்புறம். முட்டி வலியோட வந்த அவரோட பெரியப்பாவே தப்பிக்கலை. போன வாரம் எங்க அம்மாவோட முறை.

அம்மாவுக்குப் பாட்டுன்னா டி.எம்.எஸ். அதுக்கப்புறம் வந்த எல்லாரும் அவங்களைப் பொறுத்தவரைக்கும் "சின்னப் பசங்க". எஸ்.பி.பி. உட்பட. அதனால ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷன்ல ரயில் ஏறின உடனேயே ரங்ஸ் வகுப்பை ஆரம்பிச்சிட்டார். 1940, லிவர்பூல், நாலு பசங்க, நீளமா முடி. அம்மா 'ம்' கொட்டிக்கிட்டே வந்தாங்க. அந்த 'ம்' எனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தா கொட்டுற அதே 'ம்'.

சி ரயிலுக்கு மாறி உட்கார்ந்த பிறகுதான் கதையில சூடு பிடிச்சுது. லெனனை இந்த நாட்டை விட்டு அனுப்பிடணும்னு அரசாங்கம் 1972-லேர்ந்து கேஸ் நடத்தின கதை. 'இமேஜின்' பாட்டுல நாடே இல்லைன்னு கற்பனை பண்ணச் சொல்லிப் பாடின மனுஷனுக்கு விசா பிரச்சினை. கடைசியில 1976 ஜூலையில கிரீன் கார்டு குடுத்தாங்கன்னு ரங்ஸ் ஏதோ தானே வாதாடி ஜெயிச்ச மாதிரி முடிச்சார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. "ஏன் மாப்ள, அவரை எதுக்கு அனுப்பப் பார்த்தாங்க?"

"1968-ல லண்டன்ல ஒரு கஞ்சா கேஸ் அத்தை. அதைக் காரணமா காட்டினாங்க."

"கஞ்சா கேஸ் இருந்தே நாலு வருஷத்துல குடுத்துட்டானா? நீங்க ஒரு டீ கூட வெளியில குடிக்க மாட்டீங்களே மாப்ள. உங்களுக்கு ஏன் இன்னும் வரலை?"

இந்தியாவுக்குன்னு ஒரு க்யூ, அதுல வேலை வழியா கிரீன் கார்டு கேக்குறவங்களுக்கு ஈபி-டூன்னு ஒரு க்யூ, வருஷத்துக்கு இத்தனைதான்னு ஒரு கணக்கு, இதையெல்லாம் ரங்ஸ் ரெண்டு ஸ்டேஷன் வரைக்கும் விளக்கிப் பார்த்தார். அம்மா பொறுமையா கேட்டுட்டு, "ஒரு பாட்டாவது எழுதியிருக்கலாம்" அப்படின்னு முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எழுபத்தி ரெண்டாவது தெரு வரைக்கும் வகுப்பு இல்லை. எங்க பையன் வாண்டு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரிச்சுக்கிட்டே வந்தான்.

உள்ளே போனதும் அடுத்த பிரச்சினை. "செடி எங்கே?"

எந்தச் செடின்னு கேட்டா, ஸ்ட்ராபெர்ரி. பேரை நம்பி வாண்டோட கவரை எல்லாம் மடிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க, பறிச்சுப் போட. லிவர்பூல்ல லெனன் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்துல ஸ்ட்ராபெர்ரி ஃபீல்டுன்னு ஒரு அநாதை இல்லம் இருந்துது, சின்ன வயசுல அந்தத் தோட்டத்துல போய் விளையாடுவார், பின்னாடி அந்தப் பேர்ல பாட்டு எழுதினார், பாட்டுப் பேரைத்தான் இந்தத் தோட்டத்துக்கு வச்சாங்கன்னு நான் சொன்னேன். ரங்ஸ் என்னைப் பெருமையா பார்த்தார். கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேனே, மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்.

அம்மா கவரைத் திரும்ப மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. சுங்குடிப் புடவை, மேல ரங்ஸோட குளிர் ஜாக்கெட், காலில் என்னோட ஸ்னீக்கர்ஸ். இந்த உருவத்தை மனசுல வச்சுக்கோங்க, இனிமேதான் விஷயமே.

ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் முழுக்க அமைதிப் பகுதி. போர்டு இருக்கு. அந்தப் போர்டைத் தாண்டினதும் ஒருத்தர் கிட்டாரோட உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடுறார். அவர் முடிக்கிறதுக்காக இன்னொருத்தர் கிட்டாரோட காத்திருக்கார். சுத்தி பெஞ்சு முழுக்க ஜனம், கூடவே பாடுது. அமைதி வேணும்னா டைம்ஸ் ஸ்கொயருக்குப் போயிடலாம்.

நடுவுல அந்த வட்டம். கறுப்பும் வெள்ளையுமா பொடிப்பொடிக் கல் பதிச்சு, மையத்துல 'இமேஜின்' அப்படின்னு ஒரே வார்த்தை. இத்தாலியில நேப்பிள்ஸ் நகரம் அன்பளிப்பாக் குடுத்தது. அம்மா அதைப் பார்த்த நிமிஷம் முகம் மாறிடுச்சு. தெரிஞ்சவங்களைப் பார்த்த முகம்.

"கோலம் நல்லாத்தாண்டி போட்டிருக்கான். செவ்வரளி நிறத்துல ஒரு காவி மட்டும் கட்டியிருக்கலாம்."

கோலம் இல்லம்மா, மொசைக்னு சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள ஸ்னீக்கர்ஸைக் கழட்டிட்டாங்க. "சமாதியில செருப்போட நிப்பாங்களா?" சமாதியும் இல்லை, இங்கே யாரையும் புதைக்கலைன்னு ரங்ஸ் காதுல சொன்னார். "பூ போட்டிருக்கே மாப்ள." அதுக்கு மேல அவர்கிட்ட பதில் இல்லை.

பூ போட்டிருந்தாங்கதான். ஆனா போட்ட லட்சணம் அப்படி. ரோஜா ஒரு பக்கம், சாமந்தி மாதிரி ஏதோ ஒண்ணு 'இமேஜின்' மேலேயே, காத்துல நகர்ந்து வந்த இதழ் எல்லாம் ஓரத்துல குப்பையா. உறையூர்ல மார்கழி முப்பது நாளும் தெருவையே வளைச்சுக் கோலம் போட்டு, நடுவுல பூசணிப்பூ வைக்கிற கைக்கு அது பொறுக்குமா? கிட்டார்காரர் அடுத்த பாட்டுக்குச் சுருதி கூட்டுற இடைவெளியில அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

முதல்ல இதழை எல்லாம் தனியாப் பொறுக்கி ஒரு வளையம். அப்புறம் ரோஜாவை நாலு திசைக்கும் ஒண்ணு. மஞ்சள் எல்லாம் உள்வட்டம். ஒரு இளைஞன் செல்ஃபி எடுக்க வட்டத்துக்குள்ள காலை வச்சான். "தள்ளி நில்லுப்பா" அப்படின்னாங்க, தலையைத் தூக்காம. அந்தப் பையன் 'சாரி மேம்' சொல்லி ரெண்டடி பின்னாடி போனான். பின்னாடி நின்ன வரிசையும் ரெண்டடி பின்னாடி போச்சு. இந்த நகரத்துல எட்டரைக் கோடி சட்டம் இருக்கு, ஒருத்தரும் ஒண்ணையும் மதிக்கிறதில்லை. உறையூர் அதட்டலுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலை.

அவ்வளவுதான். இவங்கதான் இந்த இடத்தைப் பாத்துக்கிறவங்கன்னு ஜனம் முடிவு பண்ணிடுச்சு. யாரோ ஒரு அம்மா தன் கையிலிருந்த பூங்கொத்தைப் பவ்யமா நீட்டினாங்க. எங்கம்மா வாங்கிப் பார்த்து, வாடின ரெண்டைத் தனியா எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டு மிச்சத்தை வச்சாங்க. சுத்தி ஃபோன் மயம். ஜப்பானிலும் பிரேசிலிலும் யாரோ வீட்டுப் பொங்கலுக்கு, சரி, அவங்க ஊர்ப் பண்டிகைக்கு, அம்மா படத்தைக் காட்டிக்கிட்டிருப்பாங்க. ரங்ஸ் கொஞ்சம் தள்ளி மரத்துக்குப் பின்னாடி, எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத பாவனையில. வாண்டுதான் பாட்டிக்கு எடுபிடி.

எழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. "நடுவுல என்னடி எழுதியிருக்கு?"

"கற்பனை பண்ணுன்னு."

"எதை?"

"அதை நாமதான் நினைச்சுக்கணும்."

"அதையும் நம்ம தலையிலேயே கட்டிட்டாங்களா?"

பெஞ்சுல இடம் கிடைச்சு உட்கார்ந்தப்பதான், இவர் எப்படிப் போனார்னு கேட்டாங்க. 1980 டிசம்பர் 8, ராத்திரி, வெளியில போயிட்டு வீட்டுக்குத் திரும்பினப்ப வாசல்லேயே சுட்டுட்டான், வயசு நாப்பதுன்னு ரங்ஸ் சொன்னார். இந்த முறை வகுப்பு எடுக்கிற குரல் இல்லை. அப்புறம் அவர் மனைவி யோகோ ஓனோ இந்தத் தோட்டத்துக்குப் பத்து லட்சம் டாலர் குடுத்தாங்க, 1985 அக்டோபர் 9, அவரோட பிறந்தநாள் அன்னிக்குத் திறந்தாங்கன்னார். இருந்திருந்தா நாப்பத்தஞ்சு.

"வீடு எங்கே?"

மரத்துக்கு நடுவுல தெரிஞ்ச டகோட்டா கட்டடத்தைக் காட்டினார். "அதோ, அந்த முக்குல. வாசல் எழுபத்தி ரெண்டாவது தெருப் பக்கம்."

"அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை அத்தை. பல வருஷம் அங்கேயேதான் இருந்தாங்க."

"அதே வீட்லயா? அதே வாசல் வழியா போய் வந்துக்கிட்டா?"

"ஆமா."

எல்லாரும் இந்த இடத்துல 'ஐயோ, எப்படித்தான் இருந்தாங்களோ' அப்படின்னுதான் சொல்வாங்க. ரங்ஸோட பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார். நானே ஒவ்வொரு தடவையும் அதைத்தான் நினைப்பேன். அம்மா ஸ்னீக்கர்ஸ் நாடாவைக் கட்டிக்கிட்டே, "பின்னே? அவர் இருந்த வீட்டை விட்டுட்டு எங்கே போவா?" அப்படின்னாங்க.

நானும் ரங்ஸும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலை.

அப்பா போனதிலேர்ந்து நான் பண்ற ரகளை கொஞ்சநஞ்சமில்லை. உறையூர் வீட்ல தனியா என்ன இருக்கு, அந்தத் திண்ணையைத் தினமும் தாண்டித் தாண்டி எதுக்குப் போய் வரணும், இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டக் குடுக்கலாம், இங்கே வந்து எக்ஸ்டென்ஷன் போட்டு ஒரு வருஷம் இருக்கலாம். ஃபோன்ல தினமும் இதே பாட்டு. அதுக்கெல்லாம் அம்மா இதுவரைக்கும் 'ம்' மட்டும்தான் கொட்டியிருக்காங்க.

விசா நீட்டிப்பு ஃபாரத்தை வேற பாதி நிரப்பி வச்சிருக்கேன். பாஸ்போர்ட் ஸ்கேன் பண்ணியாச்சு, 'ஏன் கூடுதலாகத் தங்க விரும்புகிறார்' அப்படிங்கிற கட்டத்துக்கு ரங்ஸை உட்கார வச்சு ஒரு பக்கத்துக்குக் கதை எழுத வச்சாச்சு. "அதை அனுப்ப வேணாம்னு நினைக்கிறேன்" அப்படின்னார், வெளியில வரும்போது, மெதுவா. எனக்குத் தெரியாதா என்ன. அந்த ஒரு பக்கம் எழுத வைக்க நான் பட்ட பாட்டை யார் திருப்பித் தருவாங்க?

திரும்பிப் பார்த்தா அம்மாவைக் காணோம். நுழைவாசல்ல ஒரு பெடிகாப்காரனை மடக்கி நிறுத்தியிருக்காங்க. நம்ம சைக்கிள் ரிக்‌ஷாதான், பூ ஜோடனையும் ஸ்பீக்கரும் எக்ஸ்ட்ரா. வாண்டு மொழிபெயர்க்கிறான். நிமிஷத்துக்கு ஏழு டாலராம்.

"நிமிஷக் கணக்கா? அப்ப சிக்னல்ல சும்மா நின்னா அதுக்கும் காசான்னு கேளுடா."

வாண்டு கேட்டான். அந்த ஆள் ஆமான்னு தலையாட்டினான்.

"நாம நடந்தே போவோம்" அப்படின்னு அம்மா தெருவில் இறங்கிட்டாங்க, சிக்னல் சிவப்பா இருக்கும்போதே.