கொக்கி இருக்கும் பக்கம்

2025 ஜனவரி 17, வெள்ளி

அப்பாவுக்கு இன்றும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். பக்கத்தில் உட்கார்ந்து, மரம் அறுக்க நானே செய்யப்போகும் மெஷினை நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன்: இரண்டு சக்கரம், அதைச் சுற்றி ஒரு பிளேடு. நடுவில் கண் திறந்து பார்த்தவர், "மேல் சக்கரம் எங்கடா?" என்றார். "படுக்கை வாட்டம்பா, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல" என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஜனவரி 19, ஞாயிறு

வியாபாரி கொல்லைக்கு வந்தார். புயலில் சாய்ந்த பலாவைச் சுற்றி டேப் பிடித்தார். சுற்றளவு ஆறடி, நீளம் பத்தடி. நாலால் வகுத்தால் 18 அங்குலம். பதினெட்டைப் பதினெட்டால் பெருக்கி, பத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 22.5 கன அடி. உருளைக் கணக்குப் போட்டால் 28-க்கு மேல் வரும். மிச்சத்தைப் பட்டைக்கும் சீவலுக்கும் கழிப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் கடைசியில் கன அடியே பேசவில்லை. டன்னுக்கு இவ்வளவு என்றார். விறகுக்கு.

பண்ருட்டிப் பலா. தஞ்சாவூரில் வீணைக்குக் குடம் குடைவது இந்த மரத்தில்தான், மிருதங்கக் கட்டையும் இதில்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் முந்திரி மொத்தமும் படுத்தது, இது ஒரு கிளையோடு தப்பித்து நின்றது. போன நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலில் காற்றைவிட மழை. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் என்றார்கள். செம்மண் குழைந்து வேர் பிடியை விட்டுவிட்டது. மெதுவாகச் சாய்ந்திருக்கிறது, பக்கத்துக் கிணற்றுச் சுவரில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை.

அறுவை மில்லில் ரோடு வரைக்கும் கொண்டுவரச் சொல்கிறார்கள். முக்கால் டன்னுக்குக் குறையாத மரம், வரப்பு நாலடி. மரம் மில்லுக்குப் போகாது, மெஷின்தான் மரத்துக்கு வர வேண்டும். வீட்டு ஊஞ்சலுக்கு இதிலிருந்து ஒரு பலகை எடுத்தாக வேண்டும்.

ஜனவரி 22, புதன்

காயலான் கடையில் மாருதி 800 சக்கரம் இரண்டு, ஹப்பும் பேரிங்கும் சேர்த்து 2,600 ரூபாய். காற்றடித்து அளந்தேன், குறுக்களவு சரியாக 20 அங்குலம். டயரின் முதுகு இயல்பாகவே கொஞ்சம் உப்பியிருக்கும், பிளேடு வழுக்காமல் நடுவில் நிற்கும். வார்ப்புச் சக்கரம் என்றால் அந்த வளைவை லேத்தில் கடைந்தாக வேண்டும், அதற்கே நாலாயிரம் கேட்பார்கள்.

கையில் இருப்பது முப்பதாயிரம். அதில் பத்து தங்கச்சி கொடுத்தது.

ஜனவரி 24, வெள்ளி

பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும் வரை நின்றுகொண்டே போனோம். அப்பாவுக்கு இடம் கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

பழைய ஆட்டோவிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின், 11,000. கொல்லையில் மோட்டார் கனெக்‌ஷன் இருக்கிறதே என்று மாமா கேட்டார். அது தண்ணீர் இறைக்கக் கொடுத்த இலவச மின்சாரம், அதில் மரம் அறுக்க மாட்டேன்.

இன்ஜின் 3,000 சுற்றில் ஓடட்டும். அதில் நாலு அங்குலப் புல்லி, சக்கரத்தில் பதினாலு அங்குலப் புல்லி. சக்கரம் நிமிடத்துக்கு 857 சுற்று. சுற்றுக்கு ஐந்தேகால் அடி, ஆக பிளேடு நிமிடத்தில் 4,500 அடி ஓடும். இந்த வேகம்தான் வேண்டும். குறைந்தால் பிளேடு மரத்தைத் தின்னாமல் தேய்க்கும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெல்டர் தம்பி முழு நாளும் நின்றான். மெஷின் ஓடும் தண்டவாளத்துக்கு 50-க்கு 50 இரும்பு ஆங்கிள், ஆறு மி.மீ. கனம், இரண்டு பக்கமும் பதினாலு அடி. எடை போட்டுத்தான் வாங்கினேன். வெல்டிங் சூட்டில் ஒரு ஆங்கிள் இழுத்துக்கொண்டு நடுவில் மூன்று மி.மீ. தூக்கிவிட்டது. தண்டவாளம் கோணினால் பலகை கோணும். அறுத்து மறுபடி ஒட்டினோம். துண்டு துண்டாக, ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டியதும் நின்றது.

சக்கரமும் பிளேடும் உள்ள தலையை ஏற்றி இறக்க 20 மி.மீ. மரை ராடு இரண்டு. ஒரு சுற்றுக்கு இரண்டரை மி.மீ. இறங்கும், பத்துச் சுற்றுக்கு ஒரு அங்குலம். இரண்டு ராடும் ஒன்றாகச் சுற்ற வேண்டுமே என்று இரவெல்லாம் யோசித்தேன். காலையில் திண்ணையில் கிடந்த அப்பாவின் பழைய சைக்கிள் கண்ணில் பட்டது. பல்சக்கரம், செயின், எல்லாம் அதிலேயே. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கழற்றினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அப்பா இன்று தானாகச் சொன்னார். "அந்த மரத்துல கொக்கி இருக்குதுடா."

நான் பிறந்த வருஷம், அம்மாவுக்கு ஊஞ்சல் கட்ட அரையடி இரும்புக் கொக்கி முடுக்கினாராம். மரம் அப்போது ஓரடிக் குறுக்களவு. கொக்கியின் முனை நடுத்தண்டுவரை போயிருக்கும் என்றார். "என் தோள் உசரம்." மரம் பருக்குமே தவிர, அடித்த ஆணி மேலே ஏறாது. ஆகவே அடியிலிருந்து நாலரை அடியில், மரத்துக்குள்ளே, இன்னும் இருக்கிறது. பத்தடித் துண்டில் நட்ட நடு. அந்த இடத்தை வெட்டிக் கழித்தால் ஊஞ்சல் பலகைக்கு நீளம் போதாது.

"எந்தப் பக்கம்பா?"

"கெணத்தப் பாத்த பக்கம்."

மரத்தை ஜேசிபி வைத்துப் புரட்டியது நான்தான். எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மரம் முழுக்கத் தடவினேன். ஒன்றும் இழுக்கவில்லை. அவ்வளவு ஆழம்.

மரத்தை அறுத்ததும் அடிக்கட்டை குழியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது, அது ஒன்றுதான் நல்லது. அதன் முகத்தில் காலண்டர் தாளை விரித்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, கிணற்றுப் பக்கம் அம்புக்குறி போட்டேன். ஒரு பக்கம் நல்ல புடைப்பு, எதிரே ஒரு பள்ளம். அதைத் துண்டின் அடிமுகத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். புடைப்பு சேர்ந்தால் பள்ளம் சேரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

சேரவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பிளேடு வாங்கியாயிற்று. ரோலிலிருந்து 13 அடி 2 அங்குலம் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள், 32 மி.மீ. அகலம், 0.9 மி.மீ. கனம். கொக்கியில் பட்டால் ஒரு நொடியில் எல்லாப் பல்லும் போகும். அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிச் சக்கரங்களுக்கு மூடி செய்யச் சொல்லிவிட்டேன். மூடி இல்லாமல் இன்ஜினைக் கிளப்ப மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கடலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்க வடலூருக்குப் போகிற கூட்டம். அப்பா சுவரில் சாய்ந்து நின்று ஜோதி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார்.

நர்ஸ் பழைய பிளாஸ்திரியை அவர் கையிலிருந்து பிரித்தெடுத்தார். உரித்த பிளாஸ்திரியில் தோலின் ரேகை அப்படியே, ஆனால் இடம் வலமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்டது. அடிக்கட்டையின் முகம் வானத்தைப் பார்க்கிறது, துண்டின் முகம் அதன்மேல் கவிழ்ந்திருந்தது. தாளைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது இருட்டு. டார்ச்சோடு கொல்லைக்கு ஓடினேன். தாளைத் திருப்பி வைத்தேன். புடைப்பும் பள்ளமும், நடுத்தண்டின் வெடிப்புகூட, கோட்டுக்குக் கோடு சேர்ந்தது. கிணற்றுப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் ஓட்டம். முந்திரிக் கட்டை ஒன்றில். ஓடியது! ஆனால் பலகை கடல் அலை மாதிரி ஏறி இறங்கி வந்தது. மூன்றடிக்குள் அரை அங்குலம் வித்தியாசம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அலை. பஸ்ஸிலும் அலையைத்தான் யோசித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

லேத் அண்ணன் வந்து ஒரு பார்வையில் சொன்னார்: "கைடு ரெண்டும் தூரமா நிக்குது தம்பி. நடுவுல பிளேடு அநாதையா ஓடுது." உண்மை. மெல்லிய கட்டையை அறுக்கும்போதும் பிளேடைத் தாங்கும் கைடு இரண்டையும் 24 அங்குலம் அகட்டியே வைத்திருந்தேன். ஒன்றை நகரும்படி மாற்றி, கட்டையை ஒட்டிக் கொண்டுவந்தோம். கைடு பேரிங்கால் பிளேடைக் கால் அங்குலம் கீழே அழுத்தி வைத்தோம். டென்ஷன் போல்ட் இன்னும் இரண்டு சுற்று. வேலை முடிந்தால் அந்தப் போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் டயர் பள்ளம் விழும், பிளேடும் களைக்கும் என்றார். பலாப்பால் பிளேடில் ஒட்டுமே என்றேன். ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர், சலைன் குழாயைப் போலச் சொட்டுச் சொட்டாக.

சலைன் குழாய் என்று அவர் சொன்னதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாலையில் முந்திரிப் பலகை மட்டமாக வந்தது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், கீழே வெளிச்சம் தெரியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பக்கத்துக் கொல்லை சித்தப்பா வந்து தன் வேப்பமரத்தையும் அறுத்துத் தரச் சொன்னார், கூலியும் தருகிறேன் என்றார். ஊருக்கு அறுத்துக் கொடுத்தால் அது மில், அதற்கு வனத்துறை உரிமம் வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனால் சொன்னேன். கோபமாகப் போனார். என் மரத்துக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பிரஷர். அப்பாவின் விரல்கள் சில்லென்று இருந்தன.

மார்ச் 2, ஞாயிறு

எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று நான்தான் மூன்று நாளாகக் குழம்பினேன். அப்பா நேற்று படுத்தபடியே தீர்த்துவிட்டார். "கொக்கிய மண்ணப் பாக்கப் போடு. எதிர்ப்பக்கத்துலேர்ந்து எறங்கி வா. நடுத்தண்டு வர்றதுக்கு முன்ன நிறுத்து. நடுத்தண்டு இருந்தா பலகை எப்பிடியும் வெடிக்கும்." அவ்வளவுதான். எனக்கு வேண்டிய பலகையும் கொக்கியும் மரத்தின் வேறு வேறு பாதியில்.

நாலு பேர் கடப்பாரை போட்டு மரத்தைத் தண்டவாளத்துக்கு இடையில் உருட்டினோம். சிவப்புப் பெயின்ட் கீழே. ஆப்பு வைத்தோம். அம்மா கற்பூரம் காட்டினாள்.

முதல் சீவல் நாலு அங்குலம், பட்டையும் வெண்மரமும். அதைத் தூக்கினதும் உள்ளே மஞ்சள். வெட்டின மாம்பழ மஞ்சள் இல்லை, அதைவிட ஆழம், மஞ்சள் கிழங்கை உடைத்த மாதிரி. வாசனையும் பலாச்சுளை வாசனை இல்லை, ஈர மண்ணும் பாலும் சேர்ந்த ஒன்று. காற்றுப் பட்டுப் பட்டு இது பழுப்பாகும், அப்பா வயசு வரும்போது கருஞ்சிவப்பாகும். அம்மா உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுக்காமல் நின்றாள்.

இருபது சுற்று இறக்கி இரண்டு அங்குலம். தள்ளு வண்டியை நான்தான் தள்ளினேன், யாரையும் விடவில்லை. பத்தடிக்கு ஆறு நிமிடம். இன்ஜின் சத்தம் எங்கே தாழ்கிறதோ அங்கே கையைத் தளர்த்தினேன். நாலரை அடி வரும்போது நெஞ்சு அடைத்தது. கீழே இருக்கிறது, தொடாது என்று தெரிந்தும்.

பலகை வந்தது. ஓரம் கழித்தால் 16 அங்குல அகலம். எழுபது கிலோ இருக்கும், மூன்று பேர் தூக்கினோம்.

அடுத்ததையும் எடுத்தேன். அதன் அடிமுகத்தில், நாலரை அடியில், விரல் நீளக் கருநீலக் கீற்று. இரும்பு மரத்தோடு சேர்ந்த கறை. அங்கேயே இன்ஜினை அணைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்குப் போனில் பலகையின் படம் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார், கீற்றை மட்டும். "ரெண்டு வெரல் தள்ளி அடிச்சிருக்கலாம்" என்றார்.

அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயணும்ங்கிறது ஆசாரிமார் கணக்கு. இரண்டு அங்குலம், இரண்டு வருஷம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "பச்சையாவே மாட்டு."

"வளையும்பா."

"வளையட்டும். காயக் காயத் திருப்பித் திருப்பிப் போடு."

மார்ச் 6, வியாழன்

பலகையின் இரண்டு முனைக்கும் பெயின்ட் அடித்தேன், முனை சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க. இரண்டாவதை நிழலில் ஓரங்குல ரீப்பர் வைத்து, மேலே கல் ஏற்றி அடுக்கியாயிற்று. அது காயட்டும், அதற்கு அவசரம் இல்லை.

மொத்தச் செலவு 28,450. டீசல் தனி.

மார்ச் 9, ஞாயிறு

உத்தரத்தில் வளையம் பார்த்தேன். துருப்பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். சங்கிலிக்கு மஞ்சக்குப்பத்தில் விலை கேட்டேன், பித்தளை கட்டாது. இரும்பு போதும்.

மார்ச் 12, புதன்

மாசி மகம். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமியெல்லாம் போகிறது, அம்மா போகவில்லை. நான் பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தேன். ஈர மரம், சீவல் சுருளாமல் நைந்து வருகிறது. ஒரு முகம் முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

ஓட்டை போட வேண்டிய இடம் குறித்தாயிற்று, ஓரத்திலிருந்து நாலு அங்குலம். நாளை வெள்ளி, காலை ஐந்தே முக்கால் பஸ். திரும்பி வந்துதான் ஓட்டை.