தாழ்வாரத்தில் கேட்ட மன்னிப்பு

பினாங்கு லெபோ பாசாரில் எனக்குப் பூக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின நாள், பக்கத்துக் கடைத் தம்பி வேனைப் பின்னால் எடுத்தபோது என் மல்லிகைக் கூடைகள் நசுங்கின. சத்தம் போட்டேன். இறங்கி வந்தவன் இடது காதோடு சேர்த்து அறைந்துவிட்டான்.

போலீஸ் ரிப்போர்ட் போட்டேன். தண்டனைச் சட்டம் 323-வது பிரிவில் வழக்கு. ஒரு வருஷம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைக் கேட்டதும் எனக்கே தூக்கம் போனது. அவனுக்குக் கைக்குழந்தை. ஆனால் ஒன்றும் நடக்காததுபோல விட்டுவிடவும் மனம் வரவில்லை.

சில சிறு குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் இணங்கினால் வழக்கை முடித்துக்கொள்ளக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. அப்படி முடிந்தால் விடுதலைக்குச் சமம். இதை எனக்கு வழக்கறிஞர் சொன்னது நீதிமன்றத் தாழ்வாரத்தில், பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால். பெஞ்சில் அவன், அவன் அம்மா, நான். ஆளாளுக்கு ஃபைலோடு கடந்து போகிறார்கள்.

"அண்ணே, கையை ஓங்கினது தப்பு" என்றான். கிளினிக் பில்லும் பூவுக்கான பணமும் தருவதாகச் சொன்னான். எனக்கு அது போதவில்லை. "ராத்திரியில காதுக்குள்ள இரையுதுடா, அந்தப் பக்கம் படுக்க முடியல" என்றேன். அவன் தலை கவிழ்ந்தது. அவன் அம்மாதான் முதலில் அழுதார். சாட்சிக்கூண்டில் ஏறியிருந்தால் எங்கே பட்டது, எத்தனை அடி என்று கேட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் படுக்கிறேன் என்று யார் கேட்பார்கள்?

சரி, இணங்கினேன். அதில் இன்றுவரை வருத்தமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய பேச்சுக்கு ஓர் அறை வேண்டாமா? நடுவில் உட்கார, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டாமா? நடுவர் வைத்துப் பேசித் தீர்ப்பதற்கான நம் நாட்டு 2012 சமரசச் சட்டம் குற்ற வழக்குகளை அடியோடு விலக்கி வைத்திருக்கிறது. 1974-லேயே கனடாவின் எல்மைரா ஊரில், 22 இடங்களில் சேதம் செய்த இரண்டு பையன்களை நன்னடத்தை அதிகாரி வீடு வீடாகக் கூட்டிப்போய் உரிமையாளர்களைச் சந்திக்க வைத்தார். நஷ்டத்தையும் அவர்கள் கட்டினார்கள். நியூசிலாந்தில் 1989 முதல் இளம் குற்றவாளிகளுக்குக் குடும்பக் கூட்டமே, அதாவது அவர்களும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது, சட்டத்தில் இருக்கிறது.

எல்லா வழக்குக்கும் இதைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணைப் புருஷனுக்கு எதிரே உட்காரவைத்து "விட்டுக்கொடும்மா" என்று சொல்வதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். பயத்தில் போடும் கையெழுத்து சமரசமே இல்லை. தனி அறையும் நடுவரும் கேட்பது அதற்காகவும்தான்.

தம்பி இப்போதும் பக்கத்துக் கடையில்தான் இருக்கிறான். வேனை எடுக்கும்முன் இறங்கி வந்து என் கூடைகளைப் பார்க்கிறான். போன வாரமும் கேட்டான், "காது எப்படி இருக்கு அண்ணே?" இரைச்சல் இன்னும் இருக்கிறது. அதை அவனிடம் அப்படியே சொன்னேன்.